ஒளியைச் சிறைபிடித்த ஓவியர்

செல்போனைக் கையில் எடுக்கிறோம். குழந்தை சிரிக்கிறது. விரலால் ஒரு தட்டு. படம் விழுந்துவிட்டது!

குழந்தையின் கண்ணில் உள்ள பளபளப்புகூடத் தெரிகிறது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாம் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கருவியே பார்த்துக்கொண்டது.

ஆனால், ஒரு படம் பதிய ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்ட காலமும் உண்டு. அந்தப் படமும் மங்கலாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தை மாற்றியவர் ஓர் ஓவியர். அவர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய விஞ்ஞானி அல்ல. நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதியவர்.

அவர் பெயர் லூயி டாகேர். பிரான்சு நாட்டுக்காரர்.

அவருடைய வாழ்க்கையில் வெற்றி உண்டு. எல்லாவற்றையும் எரித்த தீ உண்டு. கூட்டாளியின் பெயர் மறைந்துபோன மனக்குறையும் உண்டு.

திரை எழுதிய வாலிபர்

பாரீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கோர்மேய் என்று ஓர் ஊர். அங்கே 1787-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி டாகேர் பிறந்தார். அவருக்கு ஒன்றரை வயது ஆனபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாடே அல்லோலகல்லோலப்பட்டது. பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை.

ஆனால், படம் வரையும் கை இருந்தது. முதலில் வீடு கட்டும் நிபுணர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1804-ல் பாரீசுக்குப் போனார். அங்கே பெரிய நாடக அரங்கத்துக்குத் திரை எழுதும் தெகோத்தி என்பவரிடம் சேர்ந்தார்.

மேடையில் நிலா எழவேண்டும். பொழுது விடியவேண்டும். மின்சார விளக்கு இல்லாத காலம் அது. வர்ணத்தையும் எண்ணெய் விளக்கையும் வைத்துக்கொண்டே டாகேர் இந்த வித்தைகளைச் செய்து காட்டினார். வெளிச்சத்தோடு விளையாடும் பழக்கம் அப்போதே அவருக்கு ஏற்பட்டுவிட்டது.

1822-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, பூட்டோன் என்ற ஓவியரோடு சேர்ந்து பாரீசில் ஒரு புதிய காட்சிசாலையைத் திறந்தார். அதன் பெயர் டயோராமா.

சுமார் 70 அடி அகலமும் 45 அடி உயரமும் உள்ள துணியில் பிரம்மாண்டமான ஓவியம். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வெளிச்சம் பாய்ச்சுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தில் மூடுபனி விலகும். சூரியன் எட்டிப் பார்க்கும். ஒரு காட்சி முடிந்ததும், ஜனங்கள் இருந்த தளமே சுழன்று அடுத்த படத்தின் பக்கம் திரும்பும்!

சினிமா பிறக்காத காலம். கூட்டம் அலைமோதியது. டாகேருக்குப் பணமும் பெயரும் சேர்ந்தன.

இருட்டுப் பெட்டி

இவ்வளவு பெரிய படத்தை அச்சு அசலாக வரைவது எப்படி? அதற்கு டாகேர் ஒரு கருவியை வைத்திருந்தார். அதுதான் இருட்டுப் பெட்டி.

ஓர் அறையின் கதவு ஜன்னல்களை எல்லாம் மூடிவிடுங்கள். ஒரு சிறு துளை வழியாக மட்டும் வெளிச்சம் வரட்டும். எதிர்ச் சுவரில் வெளியே நிற்கும் மரம் தலைகீழாகத் தெரியும். இதையே ஒரு பெட்டிக்குள் அடக்கி, துளையில் ஒரு லென்சைப் பொருத்தினால் காட்சி இன்னும் தெளிவாக விழும். ஓவியர்கள் அதன்மேல் காகிதத்தை வைத்துக் கோடு இழுப்பார்கள்.

டாகேரும் அப்படித்தான் செய்துவந்தார். பெட்டிக்குள் விழும் காட்சி அப்படியே தங்கிவிட்டால் என்ன என்ற ஆசை அவருக்குப் பிறந்தது. அந்த ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. வேலையை விட்டுவிட்டு மருந்துப் புட்டிகளோடு அறைக்குள் அடைந்து கிடந்தார்.

வழிகாட்டிய பெரியவர்

பாரீசில் செவாலியே என்ற லென்ஸ் வியாபாரி இருந்தார். அவரிடம் லென்ஸ் வாங்கிய இன்னொருவரும் இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவர் பெயர் நீசெபோர் நீப்ஸ். டாகேரைவிட 22 வயது மூத்தவர். சலோன் என்ற வெளியூரில் வசித்தவர். வியாபாரி மூலம் ஒருவரைப் பற்றி மற்றவர் தெரிந்துகொண்டார்.

நீப்ஸ் அதற்குள் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்திருந்தார். தார் போன்ற ஒரு பொருளை உலோகத் தகட்டில் பூசி, இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகியது. படாத இடத்தில் இருந்ததை எண்ணெயால் கழுவிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளும் சுவர்களும் தகட்டில் நின்றன!

இது நடந்தது 1826-1827 வாக்கில். இன்று நம்மிடம் இருக்கும் காமிராப் படங்களில் மிகவும் பழையது இதுதான்.

ஆனால், இந்தப் படம் பதியக் குறைந்தது எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது. ஆகவே எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களிலும் வெயில் அடிப்பதுபோலப் படம் விழுந்தது. தெளிவும் இல்லை.

இரண்டு குறைகள்! ஒன்று, நேரம். இன்னொன்று, தெளிவு. இந்த இரண்டையும் தீர்ப்பதுதான் டாகேரின் வாழ்க்கை வேலையாக ஆயிற்று.

1829-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி இருவரும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பத்து ஆண்டு ஒப்பந்தம் அது. ஆனால் நான்கு ஆண்டுகூட முடியவில்லை. 1833-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி நீப்ஸ் இறந்துபோனார். அவருடைய மகன் இசிதோர் கூட்டாளி ஆனார்.

ஒளி தொடங்கியது, ரசம் முடித்தது

டாகேர் தாரை விட்டுவிட்டார். வெள்ளியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல மெருகேற்றினார். அதை அயோடின் ஆவியில் காட்டினார். தகடு பொன்னிறமாக மாறியது. இந்தத் தகடு வெளிச்சத்தைக் கண்டால் கறுக்கும். ஆனால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கறுப்பதற்கு மணிக்கணக்கில் ஆயிற்று.

1835 வாக்கில் அவர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரமே வெளிச்சம் பட்ட தகட்டில் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அதே தகட்டை, சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் பிடித்தால், மறைந்திருந்த படம் மெல்ல மெல்ல வெளியே வந்தது!

அலமாரியில் உடைந்து கிடந்த ஒரு தெர்மாமீட்டரின் பாதரசம்தான் இதைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான். பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற பலன் என்பதே உண்மை.

இதில் உள்ள சூட்சுமம் என்ன? ஒளியே முழு வேலையையும் செய்யவேண்டியது இல்லை. ஒளி தொடங்கிவைத்தால் போதும். அந்தச் சின்னத் தொடக்கத்தைப் பாதரசம் பெரிதாக்கிக் காட்டிவிடும். மணிக்கணக்கு நிமிஷக் கணக்காகக் குறைந்ததற்கு இதுவே காரணம்.

தெளிவுக்கும் வழி கிடைத்தது. வெள்ளியின்மேல் பாதரசம் மிகமிக நுண்ணிய மணிகளாகப் படிந்தது. மெருகேற்றிய தகட்டில் நாரும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ஆகவே தலைமயிர் அளவுக் கோடும் தனித்துத் தெரிந்தது.

படம் வந்த பிறகு மீண்டும் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமே? அதற்கும் வழி கண்டார். 1837-ல் உப்புக் கரைசலில் தகட்டைக் கழுவிப் படத்தை நிலைக்கச் செய்தார்.

வீதியில் ஒரே மனிதன்

1838-ல் பாரீசின் ஒரு பெரிய வீதியை டாகேர் மாடி ஜன்னலிலிருந்து படம் எடுத்தார். தாம்ப்ள் வீதி என்பது அதன் பெயர். வண்டிகளும் ஜனங்களும் நெரியும் இடம்.

படத்தில் பார்த்தால் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது! வண்டி இல்லை. குதிரை இல்லை. ஜனங்கள் இல்லை. எங்கே போனார்கள்?

எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் படம் பதியச் சில நிமிஷங்கள் ஆயிற்று. நடந்துபோனவர்களும் ஓடிய வண்டிகளும் ஓரிடத்தில் நிற்காததால் தகட்டில் பதியவில்லை.

ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறார். பூட்சுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். பாலீஷ் முடியும்வரை அசையாமல் நின்றதால் அவர் பதிந்துவிட்டார். பாலீஷ் போட்ட தொழிலாளியும் மங்கலாகத் தெரிகிறார்.

போட்டோவில் விழுந்த முதல் மனிதர்கள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தங்களை ஒருவர் படம் எடுத்தார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்காது!

கைக் கணக்கு

எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டவேண்டும்? இதுதான் டாகேருக்குத் தீராத தலைவலி. அளக்கும் கருவி எதுவும் அப்போது இல்லை.

கோடையா, குளிர்காலமா? காலையா, நடுப்பகலா? வானத்தில் மேகம் உண்டா? எல்லாவற்றையும் யோசித்து அவரே கணக்குப் போடவேண்டும். பாரீசில் 3 நிமிஷம் முதல் 30 நிமிஷம் வரை ஆகலாம் என்று தமது புத்தகத்தில் எழுதிவைத்தார்.

நேரம் குறைந்தால் படம் இருண்டுபோகும். அதிகமானாலும் ஆபத்து. வெள்ளைச் சட்டையும் வானமும் நீலம் பாரித்துக் கெட்டுவிடும். தகட்டைப் பாதரச ஆவியில் காட்டும்வரை கணக்கு சரியா தப்பா என்பது தெரியாது. பாதரச ஆவியோ விஷம்!

தீ வைத்த சோதனை

கண்டுபிடிப்பைச் சந்தா சேர்த்து விற்க டாகேர் முயன்றார். யாரும் நம்பி வரவில்லை. பிறகு அராகோ என்ற பெரிய வானநூல் விஞ்ஞானியைச் சந்தித்தார். அராகோ படங்களைப் பார்த்து அசந்துபோனார். 1839-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இதை அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தச் சமயம் தந்தியைக் கண்டுபிடித்த மோர்ஸ் பாரீசில் இருந்தார். டாகேரின் வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, தூரத்துக் கடைப் பலகையில் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது! வெறும் கண்ணுக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது.

மறுநாள் மார்ச் 8-ந் தேதி. டாகேர் மோர்சைப் பார்க்க அவருடைய இருப்பிடத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து டயோராமாவில் தீப்பிடித்தது. காட்சிசாலை எரிந்து சாம்பல் ஆயிற்று. பதினாறு ஆண்டுக்கு மேலாகச் சோறு போட்ட தொழில் ஒரே நாளில் போய்விட்டது.

தகட்டில் படம் பிடிக்கும் ரகசியம் ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியது.

உலகத்துக்குக் கொடை

அராகோ சட்டசபையிலும் அங்கம் வகித்தார். அவருடைய முயற்சியால் பிரெஞ்சு அரசாங்கம் ரகசியத்தை விலைக்கு வாங்கியது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும் இசிதோர் நீப்சுக்கு 4,000 பிராங்கும் ஆயுள் முழுவதும் உபகாரச் சம்பளம். இப்படி ஒரு சட்டம் நிறைவேறியது.

1839-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி விஞ்ஞானக் கழகமும் கலைக் கழகமும் கூட்டாகக் கூடின. மண்டபம் நிறைந்து வெளியிலும் கூட்டம். அராகோ எழுந்து முழு ரகசியத்தையும் வெளியிட்டார். இனி யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்! இங்கிலாந்தில் மட்டும் டாகேர் தரப்பில் தனி உரிமை வாங்கியிருந்தார்கள். அங்கே பணம் கட்டவேண்டும்.

சில நாட்களிலேயே பாரீசின் லென்ஸ் கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. டாகேரின் புத்தகம் பல மொழிகளில் வந்தது.

மகனின் மனக்குறை

இந்தக் கோலாகலத்தில் ஒருவர் மட்டும் மனம் வெந்தார். அவர் இசிதோர் நீப்ஸ்.

அவருடைய தந்தை ஆராய்ச்சிக்காகச் சொத்தைச் செலவழித்தவர். முதலில் கூட்டு நிறுவனத்தில் நீப்சின் பெயர்தான் முன்னால் இருந்தது. அவர் இறந்தபின் டாகேர் ஒப்பந்தத்தை மாற்றச் சொன்னார். புதிய முறைக்குத் தம்முடைய பெயர் மட்டுமே இருக்கவேண்டும் என்றார். பணக் கஷ்டத்தில் இருந்த இசிதோர் வேறு வழியின்றிக் கையெழுத்துப் போட்டார். படத்துக்கு டாகேரோடைப் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் தவறு என்று இசிதோர் 1841-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

டாகேர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெள்ளித் தகட்டிலிருந்து பாதரசத்தால் படத்தை எழுப்பியது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தமது புத்தகத்தில் நீப்சின் முறையையும் அவர் விவரித்திருக்கிறார். ஆனாலும், நீப்ஸ் வழி காட்டியிராவிட்டால் டாகேர் எவ்வளவு தூரம் போயிருப்பார்?

அமைதியான முடிவு

1840-ல் டாகேர் பாரீசை விட்டு, பிரி என்ற சிற்றூரில் குடியேறினார். அங்குள்ள மாதா கோவிலுக்கு ஒரு பெரிய ஓவியம் வரைந்து கொடுத்தார். சுவருக்கு அப்பால் கோவில் இன்னும் நீண்டு போவதுபோலத் தோன்றும் ஓவியம் அது!

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித நிபுணர், நிறைய வெளிச்சத்தை வாங்கும் லென்சை அமைத்தார். லண்டனில் காடர்டு என்பவர் தகட்டில் புரோமினையும் சேர்த்தார். நேரம் விநாடிக் கணக்கில் வந்தது. மனிதர்கள் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டை வைப்பார்கள். அந்தக் காலப் படங்களில் பலரும் சிரிக்காமல் விறைத்து உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1851-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி டாகேர் காலமானார். வயது 63.

செல்போனுக்குள் டாகேர்

டாகேரின் தகடு போயிற்று. கண்ணாடித் தகடு வந்தது. பிறகு பிலிம் சுருள் வந்தது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இரண்டு விஞ்ஞானிகள் புதிய வழி கண்டார்கள். தகட்டுக்குப் பதிலாக ஒரு சிலிக்கான் துண்டு! அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல்போனில் இருப்பது அதற்குப் பின் வந்த வேறு வகை. அதைச் சென்சார் என்கிறார்கள்.

விரல் நகத்தைவிடச் சிறிய சென்சாரில்கூடக் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் இருக்கும். மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை என்பது ஒளி. கிண்ணத்தில் சேருவது மின்சாரத் துகள். அதிக ஒளி பட்ட கட்டத்தில் அதிகம் சேரும். குறைந்த ஒளி பட்ட கட்டத்தில் கொஞ்சம் சேரும். அதை எண்ணிப் பார்த்துத்தான் படம் உருவாகிறது.

கிண்ணம் நிரம்பி வழிந்தால்? அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். டாகேரின் தகட்டில் வானம் நீலம் பாரித்ததே, அதே கோளாறு!

இதைத் தடுக்க, நாம் தட்டுவதற்கு முன்பே செல்போன் காட்சியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிறையக் கட்டங்கள் நிரம்பினால் நேரத்தைக் குறைக்கிறது. காலியாக இருந்தால் நேரத்தைக் கூட்டுகிறது. கட்டங்களை மின்சாரத்தால் ஒரு தடவை காலி செய்து, அந்த நொடியிலிருந்து கணக்கு வைக்கிறது. நல்ல வெயிலில் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். டாகேர் சொன்ன 30 நிமிஷத்தோடு ஒப்பிட்டால் இது 18 லட்சத்தில் ஒரு பங்கு!

இருட்டில் நேரத்தை ரொம்பக் கூட்டினால் கை நடுங்கிப் படம் கலைந்துவிடும். அப்போது சேர்ந்த கொஞ்ச மின்சாரத்தைப் பெருக்கிக்கொள்கிறது. பாதரசம் செய்த வேலையை நினைவூட்டுகிறது அல்லவா? ஆனால், பெருக்கப் பெருக்கப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரவில் எடுத்த படங்கள் சில சொரசொரப்பாக இருப்பது இதனால்தான்.

தெளிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிடுகிறது. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பைக் கண்டுபிடிக்கிறது. அங்கே கறுப்பை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கி, வெளுப்பை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குகிறது. நம் கண்ணுக்குப் படம் கூர்மையாகத் தெரிகிறது. அளவு மீறினால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்துவிடும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தக் கணக்கு இருக்கும் விளிம்பைத்தான் எடுப்பாகக் காட்டும். பதியாத எழுத்தைக் கொண்டுவராது. டாகேரின் தகட்டில் கடைப் பலகையின் எழுத்து உண்மையிலேயே பதிந்திருந்தது!

இரண்டு பெயர்கள்

பாரீசில் உள்ள ஈபில் கோபுரத்தில் 72 பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். டாகேர் பெயர் இருக்கிறது. அராகோ பெயரும் இருக்கிறது. நீப்ஸ் பெயர் இல்லை.

ஆனால், ஜன்னலிலிருந்து நீப்ஸ் எடுத்த அந்த மங்கலான படம் அழிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் காணாமல் கிடந்த தகட்டை, கெர்ன்ஷைம் என்ற வரலாற்று ஆசிரியர் 1952-ல் தேடிப் பிடித்தார். இன்று அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

எட்டு மணி நேர வெயிலை வாங்கிக்கொண்டு முதல் அடி எடுத்துவைத்தவர் நீப்ஸ். மணியை நிமிஷமாக்கி, மங்கலைத் தெளிவாக்கியவர் டாகேர். நம் வீட்டுக் குழந்தையின் சிரிப்பு ஒரு தட்டில் படமாக விழுகிறதே, அதற்கு இருவருமே காரணம்.